நிறம் ஏறாத வண்டு

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான், நீயும் உடம்பளவில் சுகமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன், மற்றதைக் கீழே எழுதுகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் ஒட்டடையைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். மாடி வீட்டுக்காரர்கள் ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்தார்கள், நம் குளியலறைச் சுவர் காய்ந்துவருகிறது. அப்பாவும் நானும்தான் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அவர் ஹாலில் சாப்பிடுகிறார், நான் சமையலறையில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு மியூசியத்துக்குக் கிளம்பிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அங்கே பக்கத்து அறையில் அந்துப்பூச்சிகளை ஆராய்கிறாரே, அந்த அந்துப்பூச்சிக்காரர் இரண்டு டம்ளர் டீயோடு என் அறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “என்ன மேடம், அம்மாவும் பொண்ணும் சேர்ந்து அமுக்கமா வேலை பண்ணியிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே” என்று ஃபோனை நீட்டினார். அதில் ஒரு ஆய்வுக் கட்டுரை. புது வண்டு இனம், முழு விவரணை, படங்களோடு. முதலில் உன் துறைத்தலைவர் பெயர், அடுத்து உன் பெயர். என் பெயரைத் தேடினேன், கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், மைக்ராஸ்கோப் பழுது பார்த்தவருக்குப் பக்கத்தில் இருந்தது. மாதிரி தந்து உதவியவராம். நான் டீயைக் குடித்தேன், அவர் முன்னால் வேறு என்ன செய்வது, ஆமாம் பாப்பு ரொம்ப உழைத்தாள் என்று வேறு சொல்லிவைத்தேன்.

அந்த வண்டு எப்படிக் கிடைத்தது என்று உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், உங்கள் கட்டுரையில் அது யாரோ எங்கேயோ பொறுக்கியது போல இருக்கிறது. அப்பாவின் ஸ்கூட்டர் குளத்துப் பாதையில் நின்றுபோய் அவர் உதைத்துக்கொண்டிருந்த நேரத்தில், விழுந்துகிடந்த மரத்தின் பட்டையை நான் சும்மா உரித்துப் பார்த்தேன். அரிசி மணி அளவுதான், பின்னங்காலில் ஒரு முள் அரிவாள் மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனை மழையில் அங்கே போயிருப்பேன், அப்பா குடை பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடியே நிற்பார். வெளித்தோற்றத்தை வைத்து இந்த வண்டுகளை நம்ப முடியாது, அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் இருக்கும், ஆணின் உறுப்பை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் இனம் பிடிபடும். வெந்நீரில் ஊறவைத்து, வாலிலிருந்து வயிற்றைத் திறந்து, இரண்டு ஊசியால் அதை நெம்பி எடுத்துக் காரக் கரைசலில் சுத்தம் செய்து கிளிசரின் சொட்டில் வைத்துப் பார்த்தேன். நுனி மீன்வால் போல இரண்டாகப் பிளந்திருந்தது. இதன் சொந்தபந்தம் எதற்கும் அப்படிக் கிடையாது. நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது சாப்பாட்டு மேஜையில் நான் இந்த மாதிரிப் படம் ஒன்றை வரைந்துகொண்டிருக்க, உன் தோழிகள் வருகிறார்கள் என்று தட்டைக் கவிழ்த்து மூடினாயே, அன்றைக்கு அந்த வேலை உனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இதற்கு நெருங்கிய, முன்பே பெயர் வைத்த இனத்தின் மாதிரி நீ வேலை பார்க்கும் மியூசியத்தில்தான் இருக்கிறது, வெளியே தர மாட்டார்கள் என்பதால் என் ஆண் வண்டு ஒன்றை உனக்கு அனுப்பி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நீ ஃபோன் செய்து, “இது புதுசுதாம்மா, சத்தியமா புதுசு” என்றாய். நான் அழுதேன், நீயும் மூக்கை உறிஞ்சினாய். என்ன பெயர் வைக்கப் போகிறாய் என்று கேட்டாய், வளைந்த முள்ளை வைத்தே லத்தீனில் ஒரு பெயர் சொன்னேன். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை எங்கேயும் அனுப்பாதே என்று நீ சொன்னதால் எழுதி முடித்த கட்டுரையை அப்படியே வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அந்தப் பெயரும் கட்டுரையில் இருக்கிறது. வேறு பெயர் வைக்கக்கூடவா தோன்றவில்லை?

சாயந்திரம் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டவில்லை. அவருக்கு இது முன்பே தெரியும் என்று அப்போதே புரிந்துவிட்டது. நீ அவரிடம் முன்னமே அழுதிருக்கிறாய், அந்த வண்டை நாமே எழுதிவிடலாம் என்று தலைவர் கேட்டாராம், மறுத்தால் வேலையை நீட்டிக்க மாட்டாராம், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாயாம். இவரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னோடு உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார். ஏன் மறைத்தீர்கள் என்றதற்கு, “உனக்கு அது வண்டு. எனக்கு அவ பொண்ணு” என்றார். “அப்ப எனக்கு அவ யாரு?” என்று கேட்டேன். எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டார். பாப்பு, அந்த அழுகையை என்னிடம் அழுதிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பேன், பிறகு வழி தேடியிருப்பேன். நான் எழுதி வைத்திருந்த கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் இருந்தது, முதல் பக்கத்திலேயே.

இன்னொன்று. இறக்கை உறை தேன் நிறம், அதை வைத்தே இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உனக்கு அனுப்பியது கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த வண்டு, ஓடு இறுகவில்லை, நிறம் ஏறவில்லை. இன்னும் சில நாள் உயிரோடு இருந்திருந்தால் அடுப்புக்கரி மாதிரி ஆகியிருக்கும், என்னிடம் இருக்கும் மற்ற எல்லாம் கறுப்புத்தான். இதை அனுப்பும்போதே உனக்குச் சொன்னேன். உன் தலைவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். மறந்திருப்பாய் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால் நான் முன்பே இதை ஆராய்ந்து எழுதி முடித்ததைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தானே வாயை மூடிக்கொண்டாய்? பெயரை எடுத்துக்கொண்டதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. தப்பு என்று தெரிந்தே ஒரு வண்டைத் தப்பாக எழுத விட்டிருக்கிறாய்.

புகார் எழுதுங்கள் என்கிறார் அந்துப்பூச்சிக்காரர். நான் எழுதப் போவதில்லை. ஆனால் வண்டின் நிறத்தை அப்படியே விட முடியாது. திருத்தி எழுத வேண்டுமானால் நான் அனுப்பிய, இப்போது அந்தப் பெயருக்கே ஆதாரமாகிவிட்ட முதல் மாதிரியை நான் மறுபடி பார்க்க வேண்டும், அது இனி உங்கள் மியூசியத்தை விட்டு நகராது. அதனால் உங்கள் பூச்சிப் பிரிவுப் பொறுப்பாளருக்கு நேராக எழுதிக் கேட்டேன், அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். உன் வீட்டில் தங்கவில்லை, பக்கத்து விடுதியில் அறை சொல்லியாகிவிட்டது, அழைத்துப்போக ஸ்டேஷனுக்கும் வராதே. காலையிலிருந்து மூடும்வரை மைக்ராஸ்கோப்பில் இருப்பேன். வண்டில் இருப்பதை மட்டும் எழுதுவேன், உன்னைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இனிமேல் அப்பாவுக்கு ஃபோன் செய்து அழாதே, அழுவதானால் எனக்குச் செய். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாயா, டீ குடித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். நல்ல ஆரோக்கியத்தோடு நீண்ட நாள் இரு, கோபத்தில் சொன்னாலும் இது ஆசீர்வாதம்தான்.

நான் அங்கே இருக்கும்போது வந்து மன்னிப்புக் கேட்காதே, அதைக் கேட்க எனக்கு இன்னும் காது வரவில்லை. ஆனால் நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அளவுகளைச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதற்கு வருவதானால் வா.

இப்படிக்கு,
உன் அம்மா