அம்மாவின் கட்டில் மேல் ஓடிய ரயில்

அன்புள்ள அப்பா,

“அறுக்காதீங்க” என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தின் ஒரு முனையில் நீங்கள் ரம்பம் போட்டீர்கள். மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆடிப்பூரத் தேர் பார்க்க அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு அந்த வீட்டிலிருந்து சீராக வந்த தேக்குக் கட்டில் அது.

உங்கள் பொம்மை ரயில் வளைவுகளில் தடம் புரண்டுகொண்டே இருந்தது. பேக்கிங் பெட்டிப் பலகையில் செய்த மேசைதான் ஆடுகிறது என்றீர்கள். “மில்லுல மிஷினை இறக்குறதுக்கு முன்னாடி பேஸைத்தான் பாப்போம். இது முப்பது வருசம் காஞ்ச தேக்கு. இனி வளையாது.”

ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் நீங்கள். அறைக்குள்ளேயே அந்தத் தேக்கில் புது மேசைக்குச் சட்டம் கட்டி, குறுக்குக் கட்டைகள் கொடுத்து, ஆணி வேண்டாமென்று ஸ்க்ரூ முடுக்கி, நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அம்மா விஷயத்தில் ஒருநாளாவது எதையாவது அப்படி வைத்துப் பார்த்ததுண்டா?

அம்மா திரும்பி வந்து, “கட்டில் எங்க?” என்றாள்.

“அந்தா நிக்குல்லா. இப்பத்தான் உருப்படியான சோலிக்கு வந்திருக்கு.” விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை மேசையில் வைத்து ரயிலை ஓட்டிக் காட்டினீர்கள். “பாருட்டி, ஒரு சொட்டு சிந்துதா?”

“எங்க அண்ணன் வந்து கேட்டா என்னத்தச் சொல்ல?”

“அவியள இந்த ரயில்ல ஏறி ஊரு போய்ச் சேரச் சொல்லு.”

அம்மா அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நீங்கள் மடக்குக் கட்டிலில் படுத்தீர்கள். முழங்கால் வலியோடு அவள் ஆறு வருஷம் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். ஒருநாள்கூட உங்களுக்கு அது உறுத்தவில்லையா?

நீங்கள் போன பிறகு துட்டி கேட்க வந்தவர்கள் மேசையைத் தட்டிப் பார்த்து, “எம்புட்டுப் பொறுமையாச் செஞ்சிருக்காரு” என்றார்கள். பதினாறாம் நாள் கழிந்ததும் அதை வெளியேற்ற ஆசாரியை அழைத்தேன். நிலைப்படியையும் மேசையையும் அளந்துவிட்டு அவர் சிரித்தார். “பாப்பா, உங்கப்பா எல்லாத்தையும் அளந்தாரு, வாசல அளக்கலியே. ஒண்ணு இத அறுக்கணும், இல்ல செவுத்த இடிக்கணும்.”

“அறுத்து அடுப்புல போடுங்க” என்றேன்.

அம்மா உள்ளிருந்து வந்தாள். “எதுக்குட்டி? அது என் கட்டிலுல்லா.”

ஒட்டியிருந்த தண்டவாளத்தை நானே பெயர்த்தெடுத்தேன். மேசைக் கால்களை ஆசாரி முழங்கால் உயரத்துக்கு அறுத்தார். இந்த முறையும் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

உங்கள் ரயில் பரணில் இருக்கிறது. அதைத் தூக்கி எறிய மாட்டேன், ஓட்டவும் மாட்டேன். இவ்வளவுதான் என்னால் தர முடிந்த வாக்கு.

அம்மா இப்போது அவள் கட்டில்மேல்தான் படுக்கிறாள். அது ஆடவில்லை.

இப்படிக்கு,
கட்டிலுக்கு உரியவளின் மகள்