ஹீட்டர் சரியாகிவிட்டது என்று நீங்கள் போட்ட ஐந்து கையெழுத்து

ஏனுங்க,

இருபத்தைந்து வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் இப்படியே கூப்பிடுகிறேன். "என்ன சரசு" என்று நீங்கள் கேட்கப்போவதில்லை, தெரியும். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எழுதினால் நல்ல செய்தியோடுதான் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். நல்ல செய்தி வரவே போவதில்லை என்று தெரிந்துவிட்டது, எழுதுகிறேன்.

ஹீட்டர் ஓடவில்லைங்க. இனி ஓடாது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் மனசு ஆறும். நம் பவிக்கு இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் வராது. குளிர் பட்டால் கால் நரம்பெல்லாம் சுண்டி இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஆசை எதன் மேல் வர வேண்டும்? பனிமூட்டத்தின் மேல்! டிவியில் மலையைக் காட்டினால் போதும், சோறு இறங்காது.

சோமனூரில் தறிச்சாமான் விற்கிற மனுஷன் நீங்கள். மகள் கேட்டதும் உங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலையில் எந்த லாட்ஜுக்குப் போனாலும் படிக்கட்டு, சக்கர நாற்காலி நுழையாத பாத்ரூம். போன அன்றே திரும்பிவர அவள் முதுகு தாங்காது. அதனால்தான் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேம்பர் டிரெய்லரை வாங்கினீர்கள். உள்ளே கட்டில், நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பலகை, டீசலில் ஓடுகிற ஹீட்டர். "இதென்னங்க கூத்து, ஊட்டையே இழுத்துட்டுப் போறதா?" என்று கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள்.

முதல் தடவை கோத்தகிரிக்கு மேலே, உங்கள் சிநேகிதரின் தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தினோம். சாயங்காலம் ஹீட்டரைப் போட்டதும் அரைமணி நேரம் நன்றாகச் சூடு வந்தது. அப்புறம் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. நாலு கம்பளி போர்த்தியும் பவிக்குக் கால் இழுத்துக்கொண்டது. பனி இறங்க ஆரம்பித்த நேரமாகப் பார்த்து வண்டியைத் திருப்பினோம். "இன்னுங் கொஞ்ச நேரம் தாங்கிக்கறேம்ப்பா" என்று பின் சீட்டில் படுத்தபடி கெஞ்சினாளே, அது உங்களுக்குக் கடைசிவரை காதில் கேட்டுக்கொண்டே இருந்ததா?

அன்றைக்கு ஆரம்பித்தது, வண்டியை விற்ற அவிநாசி ரோட்டு டீலரிடம் நடையாய் நடந்தது. ஒரு தடவை நானும் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பங்குனி வெயில், மத்தியானம் பன்னிரண்டு மணி. உள்ளே ஏற்கெனவே அடுப்பாகக் கொதிக்கிறது, ஹீட்டர் எதற்குக் கிளம்பும்? சர்வீஸ் மேனேஜர் யோசித்தார். எதிரே கரும்புச்சாறு கடைக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கிவந்து, துணியில் சுற்றி, சூடு பார்க்கிற சென்சார் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். குளிர் வந்துவிட்டது என்று ஏமாந்துபோய் அதுவும் ஓடியது.

"பாத்தீங்களாங்க சார், ஜம்முனு ஓடுதுங்களே!"

"ஆமாங்க, நல்லா ஓடுதுங்க" என்றீர்கள் நீங்கள். உள்ளே வேர்த்து ஊற்ற ஊற்ற மூன்று பேரும் சந்தோஷமாக நின்றோம். என்ன கருமமோ, நானும்தான் சிரித்தேன்.

கீழே ஓடும், மேலே போனால் நிற்கும். அதற்கப்புறம் பவியை அழைத்துப் போகாமல் நீங்களும் என் தம்பியும் மட்டும் வண்டியை இழுத்துப்போய்ப் பார்த்தீர்கள். ஐந்து தடவை சரிசெய்து கொடுத்தார்கள், ஐந்து தடவையும் மலையேறியதும் கரும்புகை. "சட்டையப் புடிச்சுக் கேளுங்க" என்று நான் குதிப்பேன். "உடு சரசு, அவரும் புள்ளகுட்டிக்காரரு. மருவாதையாத்தான பேசறாரு" என்பீர்கள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன். உங்களுக்கு "அடுத்த வாரமுங்க" என்று அவர் சொன்னால் போதும், "சரிங்க" என்று சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அப்படி ஒரு அடுத்த வாரம் வருவதற்குள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நீங்கள் இல்லாமல் ஆடி மாதம் பவியை ஆர்.எஸ்.புரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "முதுகெலும்பு வளைஞ்சுட்டே வருதுங்கம்மா. மலைக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா மார்கழிக்குள்ள போயிட்டு வந்துருங்க. அதுக்கப்புறம் அந்த மலை ரோட்டு வளைவுல எல்லாம் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகவே கூடாது" என்றார். ஐந்து மாதம் இருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு ஹீட்டரைச் சரிசெய்ய முடியாதா? நேராக டீலரிடம் போனேன். உங்களை மாதிரிப் பேசக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லி மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனேன்.

"எத்தன தடவைங்க ஏமாத்துவீங்க? அஞ்சு தடவையும் ரிப்பேரு ஆகலீங்களே. புது ஹீட்டரு மாத்திக் குடுங்க" என்று நின்ற மேனிக்குக் கேட்டேன்.

மேனேஜர் ஒரு ஃபைலை எடுத்தார். ஐந்து தாளை என் முன்னால் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும், பழுது முழுமையாகச் சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று அச்சடித்திருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. நாலாவது தாளில், "சர்வீஸ் மிகவும் நன்று, நன்றி" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஏனுங்க, எந்த வாயால் நன்றி சொன்னீர்கள்?

"அஞ்சு தடவை சரியாயிருச்சுன்னு சாரே எழுதிக் குடுத்திருக்காருங்களே. அப்புறம் கம்பெனில எப்படிங்கம்மா மாத்தித் தருவாங்க?"

"சரியாகலைன்னு தெரிஞ்சும் அவரு எதுக்குங்க போட்டாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போடலைன்னா எம்மேல ரிமார்க் வருமுங்க. அதச் சொன்னேன். 'உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது, குடுங்க'ன்னு வாங்கிப் போட்டுட்டாருங்க."

உங்களை உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன், நீங்கள் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து, கடைசி எழுத்தை இழுத்து ஒரு புள்ளி வைப்பீர்களே, அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. சண்டை போட வந்தவள், "எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தாரீங்களா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானும் உங்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள்தானே.

அதற்கப்புறமும் விடவில்லை. வெளி மெக்கானிக்குகளிடம் கேட்டேன். "டீசலு, நெருப்பு, எந்திரிச்சு ஓட முடியாத புள்ள உள்ள படுக்கற எடம். நாங் கை வெக்க மாட்டேனுங்க" என்று ஒருவர் கும்பிட்டார். கரண்ட் ஹீட்டர் வைக்கலாமென்றால் அந்தத் தோட்டத்தில் கரண்ட் கிடையாது. வாராவாரம் டீலரிடம் போனேன். கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், சாமான் கப்பலில் வருகிறது, பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார் என்று கார்த்திகையும் போனது. வீட்டுக்கு வந்தால் பவி கண்ணாலேயே கேட்பாள். "அடுத்த வாரம் கண்ணு" என்பேன். ஒருநாள் அப்படிச் சொல்லும்போது எனக்கே என் குரல் அந்த மேனேஜர் குரலாகக் கேட்டது.

மார்கழி முடிய மூன்று நாள் இருக்கும்போது கடைசியாகப் போனேன். நான் கத்தவில்லை, எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"நெசத்தச் சொல்லிப்போடறேனுங்கம்மா. மலைல காத்து கம்மிங்க. அதுக்குத் தகுந்த மாதிரி ஹீட்டருல செட்டிங் மாத்தோணுமுங்க. அதத் தெரிஞ்ச ஆளு எங்ககிட்ட எப்பவுமே இருந்ததில்லீங்க. மொதத் தடவையே எனக்குத் தெரியுமுங்க."

"மொதத் தடவையே தெரியுமா? அப்பவே சொல்லியிருந்தா வேற ஊருல காட்டியாவது சரி பண்ணியிருப்போமேங்க!"

"சாரு அத்தன தன்மையாப் பேசுவாருங்க. முடியாதுன்னு அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

கேட்டுக்கொண்டீர்களா? மனசு நோகக்கூடாது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை. மனசு நோகக்கூடாது என்று நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு நல்ல மனுஷர்கள் சேர்ந்து என் மகளுக்கு மலையை இல்லாமல் செய்துபோட்டீர்கள்.

தை பிறந்துவிட்டது. இன்று காலை பவிக்குத் தலை வாரிவிடும்போது சொன்னேன். ஹீட்டர் ஓடாது கண்ணு, இனி போக முடியாது, டாக்டரும் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது. பார்த்தபடியே கேட்டாள்.

"அது ஓடாதுன்னு அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அது ஓடவே ஓடாது என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டீர்களா? அடுத்த தடவை சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினீர்களா?

"தெரியாது கண்ணு. தெரிஞ்சிருந்தா உங்கப்பா சும்மா உட்டிருப்பாரா?" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. நான் இருக்கிற வரைக்கும் அவளிடம் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீங்கள் அவளுக்காகச் சண்டை போட்டீர்கள் என்றே சொல்வேன். அங்கே வந்து சேர்ந்ததும் உங்களிடம் நான் கேட்கப்போவது பவி கேட்ட அந்த ஒரு கேள்விதான். அப்போது என் மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள்.

பவியின் அம்மா,
உங்கள் சரசு