வேண்டுமென்றே தப்பாக அடுக்கிய கட்டைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா நேற்று யார் கையையும் பிடிக்காமல் எழுந்து முகம் கழுவினாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் என்னை அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வரிசைக்கு எட்டுப் பெட்டிதான் பிடிக்கும் என்று மேஸ்திரி சொன்னார். நான் இரண்டைக் குறுக்கே திருப்பி ஒன்பது வைத்தேன். ஊமைக்கோட்டானுக்கு மூளையைப் பாரு என்று சிரித்தார்.

போனில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். போன லீவில் உன் சைக்காலஜி பாடத்துக்காக எனக்குப் புத்திக்கூர்மைச் சோதனை வைத்தாயே. சிவப்பு, வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னாய். எண்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னாய். கையில் ஸ்டாப்வாட்ச்சோடு, அவசரமில்ல, மெதுவா யோசி என்று டீச்சர் மாதிரி சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா படுத்தபோது நம் இருவரில் பள்ளியை விட்டு நின்றது நான். அந்த நோட்டும் பேனாவும் என் கையில் இருந்திருக்கலாமே என்று வயிறு எரிந்தது. உன் நோட்டு கெட்டுப்போகட்டும் என்று வேண்டுமென்றே தப்பாக அடுக்கினேன். ஏழு எண்ணைத் திருப்பிச் சொல்ல என்னால் முடியும். மூன்றிலேயே முழித்தேன்.

நோட்டு கெடவில்லை. உனக்கு நல்ல மார்க்காம். அம்மா கொஞ்சம் தேறியதும் அப்பா எனக்காக மாலைப் பள்ளி விண்ணப்பம் வாங்கி வந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்ட போனில் நீ, சின்னவளைப் படிக்கச் சொல்லி வதைக்காதீங்கப்பா, அவளுக்கு ஏறாது, தையல் கத்துக்கட்டும் என்று சொன்னது அடுப்படி வரை கேட்டது. விண்ணப்பம் அலமாரி மேலே போய்விட்டது. வேண்டுமென்றே செய்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். சரிம்மா, சரிம்மா என்று தலையைத் தடவினார். இரண்டு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பெரியவ படிச்சவ, தெரியாமலா சொல்லுவா என்கிறார் அப்பா. நீ சொன்னால்தான் கையெழுத்துப் போடுவார். பொறாமைக்காரி, பொய்க்காரி என்று என்ன வேண்டுமானாலும் சொல். மக்கு என்று மட்டும் விட்டுவிடாதே.

உனக்குப் பரீட்சை நெருங்குகிறது. நீ நன்றாக எழுத வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பாதி மனசோடுதான். முழு மனசோடு வேண்ட ஆசையாக இருக்கிறது, அக்கா. அப்பாவிடம் பேசு.

இப்படிக்கு,
உன் சின்னவள்