கேட்டில் மாட்டிய டாக்டர் பலகை

அன்பு மகள் ஓவியாவுக்கு முடிச்சூரிலிருந்து சித்தப்பா தசரதன் எழுதுவது. நானும் உன் சித்தி சரிதாவும் சுகம். மீன்கார அஞ்சம்மாள் அக்காவும் இப்போது சுகம், அவளை ஏன் முதலிலேயே சேர்த்து எழுதுகிறேன் என்று போகப்போகத் தெரியும். அங்கே பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே போன வாரம் மழை, நம்ம தெருவில் இடுப்பளவு தண்ணீர். இல்லை, கணுக்கால் அளவுதான். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று சித்தி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கதையை மாற்றிவிடுவேன், அதனால்தான் பேப்பரில் எழுதி பருப்புப்பொடி பார்சலோடு வைக்கிறேன்.

நீட் மார்க் பத்தாமல் பல் டாக்டர் சீட் போனபோது நீ அழவில்லை, நான்தான் அழுதேன். அப்புறம் கனடாவில் ஹைஜீனிஸ்ட் படிப்பு கிடைத்ததும் எனக்கு எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். பல்லைப் பிடுங்குவது, அடைப்பது, என்ன நோய் என்று சொல்வதெல்லாம் டாக்டர் வேலை சித்தப்பா, நான் பல்லையும் ஈறையும் சுத்தம் பண்ணி, நோய் வராமல் எப்படிப் பார்த்துக்கணும்னு ஜனங்களுக்குக் கத்துக்கொடுப்பேன் என்றாய். நானும் தலையாட்டினேன். ஆனால் நம்ம பங்காளி தட்சிணாமூர்த்தி, ஓகோ பல் வெளக்கிவிடுற படிப்பா என்று ஒரு கல்யாணத்தில் பத்துப் பேர் நடுவே சிரித்தான் பார், அந்தச் சிரிப்புக்குப் பயந்து அங்கேயே உன்னை டாக்டர் ஆக்கிவிட்டேன். அடுத்த கல்யாணத்தில் சர்ஜன். அதற்கடுத்த காதுகுத்தில் நீ அந்த ஊர் மந்திரிக்கே பல் கட்டியதாகச் சொன்னேன். உன் அப்பா அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்த்த பெண், பெருமையாகத்தானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆடி மாசம் கேட்டிலேயே பலகை மாட்டினேன், டாக்டர் ஓவியா, பல் மருத்துவர், கனடா என்று. வீடியோ காலில் உனக்கு அது தெரியாதபடி போனைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் புரட்டாசியில் அஞ்சம்மாள் வந்தாள். கூடையை இறக்கி வைத்து, இன்னா தசரதா, கடவாப் பல்லு உயிர் போவுது, உன் பொண்ணாண்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன் என்றாள். உன்னைக் கேட்டால் நான் டாக்டர் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க என்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, சரிம்மா, அப்படியாம்மா, எத்தனை வேளைம்மா என்று அவள் எதிரிலேயே பேசினேன் கண்ணு. அந்தப் பக்கம் யாருமில்லை. கிராம்பு வைக்கணுமாம், கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கணுமாம், நாலு நாளில் சரியாகிவிடுமாம் என்று உன் பேரைச் சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. முகம் ஒரு பக்கம் வீங்கி, காய்ச்சல் அடித்து, மீனே என்று கூவ முடியாமல் கூடையோடு நம்ம கேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ வைத்துப் பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைத்திருக்கும் என்றார் டாக்டர். சீழ் பிடித்த பல்லுக்குச் சூடு வைத்தால் வீக்கம் இன்னும் பரவுமே, ஒத்தடம் கொடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். கூட வந்த அவள் மருமகள் என்னைக் காட்டி, இவரு பொண்ணு சார், கனடால பெரிய டாக்டரு என்றாள். படிச்ச பொண்ணு சொல்ற பேச்சா இது, நம்பரைக் கொடுங்க நானே பேசறேன் என்றார் அவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா, அங்கே இப்போ ராத்திரி சார், தூங்குவா என்றேன். உன்னைத் திட்டினார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சீழை எடுத்து, ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி மூன்று நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று ஜெயஸ்ரீ என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், ஒரு பல் பொம்மையை வைத்து அஞ்சம்மாளுக்கு எப்படித் தேய்க்கணும், எப்போ கொப்பளிக்கணும், எந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். வாழ்நாள் முழுக்கச் சாம்பலை வைத்துத் தேய்த்தவள் குழந்தை மாதிரி வாயைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்க டாக்டராம்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். இல்ல சார், ஹைஜீனிஸ்ட், ரெண்டு வருஷம் படிச்சேன் என்றாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. மூன்று வருஷமாக என் வாயில் வராத வார்த்தை. என்னால் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கப்புறமும் பதினைந்து நாள் சும்மாதான் இருந்தேன். அஞ்சம்மாள் மறுபடி கூடையைத் தூக்கி, கனடா படிப்பை நம்பி செத்துப் பொழச்சேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நீ தை மாசம் வந்து இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே என்று சித்திதான் என்னை வாசலுக்குத் தள்ளினாள். நாலு பொம்பளைங்க மீன் வாங்கும்போது, தட்சிணாமூர்த்தியும் நிற்கும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான், சிரிக்கட்டும். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. எம் மூஞ்சி வீங்கிக் கெடக்கச்சொல்லோ நீ வெறும் போனாண்ட பேசிக்கினு இருந்தியா என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து நம்ம வீடு வரும்போது மீனே என்கிற குரல் நின்றுபோய், அடுத்த வீட்டில்தான் மறுபடி ஆரம்பிக்கிறது. அவளிடம் எனக்காக நீ பரிந்து பேசாதே. அது நானே நடந்து போய் வாங்கவேண்டிய மன்னிப்பு.

பலகையைக் கழற்றி வெள்ளையடித்துத் திண்ணையில் காயவைத்திருக்கிறேன். உன் படிப்பின் பெயரை, எழுத்துக்கு எழுத்து, நீயே ஒரு சீட்டில் எழுதி அனுப்பு. பெயின்டர் அதைப் பார்த்தே எழுதட்டும், நான் பக்கத்தில்கூட நிற்கமாட்டேன். பலகையே வேண்டாம் என்றாலும் சொல், கேட் தூணில் நாலு ஆணி ஓட்டைதான், சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறேன்.

நல்லா இரு கண்ணு, நோய் நொடி அண்டாமல், எடுத்த படிப்பை முடித்து வா. பொடியில் நெய் விட்டுச் சாப்பிடு. கோபம் இருந்தால் போனில் திட்டிவிடு, இந்தத் தடவை நிஜமாகவே அந்தப் பக்கம் நீ பேச, இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா
மு. தசரதன்
(எஸ்.எஸ்.எல்.சி. இல்லை, எட்டாவது. அதையும் சித்தி எழுதச் சொல்லிவிட்டாள்.)