சப்போட்டா மரத்தடி ஈரம்

கரியாக்குத் தீவு
மே 20

என் மகள் வெர்லினுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே இன்னும் மழை இல்லை. ஆடு மூன்றுதான் மிச்சம். போன மாதம் கப்பல் பழுதாகி பன்னிரண்டு நாள் மாவும் அரிசியும் வரவில்லை, ஊரே பிஸ்கட் தின்றது. இங்கேயே விளையட்டும் என்றுதான் அரசாங்கத்தில் மேட்டில் குளம் வெட்டி எல்லார் நிலத்துக்கும் சொட்டுநீர்க் குழாய் போடுகிறார்கள். உன் அப்பா பதினோரு வருஷம் மனு எழுதிய குழாய். பிப்ரவரியில் அவர் போனார், நீ அடக்கத்துக்கு வந்து திரும்பிய மறுவாரம் நிலம் பார்க்க வந்தார்கள். எதிலும் முந்திக்கொள்கிற மனுஷன்.

பெயர்ப் பட்டியல் வந்தது, நம் பெயர் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். மிஸ் பெத்தெல் என்கிற அதிகாரி, பெரிய தீவிலிருந்து வந்தவள், நோட்டைப் பார்த்து, "உங்க நிலத்துல ஊத்து இருக்கேம்மா, காஞ்ச நிலத்துக்குத்தான் முதல்ல" என்றாள். எந்த ஊற்று என்றால், சப்போட்டா மரத்தடியில் கம்பியைக் குத்திப் பார்த்தார்களாம், இரண்டடி ஆழத்திலும் ஈரமாம். அங்கே உன் அப்பாவைத்தான் வைத்திருக்கிறோம். நம் வழக்கப்படி தினம் காலையில் ஒரு வாளி தண்ணீர், ஞாயிறானால் கொஞ்சம் ரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அது ஊத்து இல்லம்மா, என் வீட்டுக்காரரு" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, பத்து நாளில் மறுபடி குத்திப் பார்ப்போம், காய்ந்திருந்தால் குழாய், இல்லாவிட்டால் மூன்று வருஷம் கழித்துத்தான் என்றாள்.

பத்து நாளும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு டெல்மா, "குடிக்கக் குடுக்காம விட்டா கனவுல வந்து கேப்பாரு, பாத்துக்க" என்றாள். "வரட்டும்டி, அவரு எழுதுன மனுவையெல்லாம் எடுத்துக் காட்டுறேன்" என்றேன். தினமும் காலையில் கை தானாக வாளியை நிரப்பும், மரத்தடி வரை போய்த் திரும்பி ஆட்டுக்கு ஊற்றுவேன். அவர் கனவில் வரவே இல்லை. வந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதினோராம் நாள் கம்பியில் புழுதிதான் வந்தது. மிஸ் பெத்தெல் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள், நானும் நன்றி சொன்னேன். போன புதன்கிழமை துவரைக்கும் சோளத்துக்கும் குழாய் இழுத்தார்கள். கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. வெட்டாதே, சப்போட்டா மரம் வரை இழு என்றேன். "அங்க என்னம்மா பயிரு?" என்று குழாய்க்காரன் கேட்டான். "நட்டாச்சு, முளைக்காது, நீ இழு" என்றேன். இழுத்தான். இப்போது அவர் தலைமாட்டில் சொட்டுகிறது.

மகளே, ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. டிசம்பரில் கல்லறைக்குக் கல் வைத்து விருந்து போட வேண்டும், கட்டாயம் வா. தண்ணீர் தானாக விழுந்துவிடுகிறது, ரம் குழாயில் வராது. அதை நீ வந்துதான் ஊற்ற வேண்டும்.

உன் அம்மா,
யூட்ரிஸ்