செல்வியின் எல்லைக்கல்

மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு

காட்டை அழிக்காமல் விளைந்த காப்பிதான் வெளிநாட்டுக்குப் போகுமாம். அதற்காக ஒவ்வொருவர் காப்பிக் கொல்லையின் எல்லையையும் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து பதிய வேண்டும். அதுதான் என் வேலை. இன்று என் ஓரகத்தி செல்வியின் கொல்லை.

போன வருஷம் காப்பிப் பொட்டலத்தின் மேல் அவள் படத்தைப் போட்டார்கள். மாமியார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் நடந்து பதிபவள் நான். என் கொல்லையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மரங்களை வெட்டி மரவள்ளி போட்டது வானத்திலிருந்து எடுத்த படத்தில் தெரிந்துவிட்டதாம்.

எல்லைக்கல் வந்ததும் நான் திரும்பவில்லை. நேராகக் காட்டுக்குள் நடந்தேன்.

"இன்னாக்கா, கல்லு இங்க கீது. நீ எங்க போய்க்கினு கீற?" என்றாள் செல்வி.

"போன் இப்படித்தான் காட்டுது" என்றேன்.

காடும் சேர்ந்து பதிவானால் அவள் காப்பியையும் தள்ளிவிடுவார்கள். மலையில் சிக்னல் இல்லை. பதிவு இன்னும் என் போனில்தான் இருக்கிறது. நாளை நான் பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கியதும் தானாகப் போய்விடும். அழிக்க விரலால் ஒரு தட்டு போதும். போனை இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் பொட்டலத்தில் அவள் பல் தெரியச் சிரிப்பது கண்முன் வந்தது. வைத்துவிட்டேன்.

அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

"போன் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்றாள். என் காலில் குத்தக்கூடாதென்று கொடுவாளோடு முன்னால் ஓடி, காட்டுக்குள் முள்ளை வெட்டி எனக்கு வழி செய்து கொடுத்தாள்.