ஒத்தைக்கு ஒத்தை

ஏங்க,

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதான் உங்கள எழுப்பல. உப்புமா மூடி வெச்சிருக்கேன். சட்னி அரைக்கல, பொடி தொட்டுக்குங்க.

பின்னாடி ஷட்டில் கோர்ட்டு பனியில ஊறி, மண்ணு பேந்து பேந்து வந்துச்சு. சாணி போட்டு மெழுகியிருக்கேன். வெயில் நல்லா ஏறினப்புறம் கால் வைங்க, இல்லன்னா குழி விழுந்துடும். நெட்டு ஈரமா இருந்துச்சு, கொடியில காயுது.

போன வாரம் சுண்ணாம்பு தீந்துபோச்சுன்னு அரிசி மாவுல கோடு போட்டேன். எறும்பு மொச்சிடுச்சு. அதுக்கு உங்க ஆபீஸ் சிந்துஜா, "சார், அக்கா கோர்ட்டுக்கே கோலம் போட்டுட்டாங்க"னு சிரிச்சா. நீங்களும் கூட சேந்து சிரிச்சீங்க. மார்கழிக் குளிர்ல மெழுகுறது நானு, உங்க பக்கத்துல நின்னு ஆடுறது அவ. ஆடி முடிச்சா எதிர்ப்பக்கம் ஆடுறவங்களையும் சேத்து நாலு பேருக்கும் டீ வேற நான் போடணும். தேனிலருந்து இம்மாந்தூரம் வந்து கெடக்கேன். இந்த ஊர்ல உங்கள விட்டா எனக்கு யாருங்க இருக்கா?

இன்னிக்கு சுண்ணாம்புலயே கோடு போட்டுட்டேன். ரெண்டு ஓரத்தையும் குறைச்சாச்சு. ஒத்தைக்கு ஒத்தை ஆடுற அளவுதான் இருக்கு, ஜோடி சேந்து ஆட எடமில்ல. அவ வந்தா காட்டுங்க.

செண்பகம்

சாவிய ஜன்னல்ல வெச்சிட்டுப் போங்க.

இன்னொண்ணு. எதிர்ப்பக்கம் நிக்க ஒரு ஆளு வேணும்ல? சாயந்தரம் சீக்கிரமே வந்துடுறேன். மெதுவா அடிங்க, எனக்கு ஆடத் தெரியாது.